துருப்பிடித்த மூக்குக் குழலும் கேமரன் மலை மூங்கிலும்

குன்னூரில் ஒரு காயலான் கடை இருக்கிறது. மாதம் ஒரு தடவையாவது போய் அங்கே உட்கார்ந்து கிளறுவேன். தேயிலை ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை பார்ப்பவனுக்குப் பழைய பேரிங், ஸ்பிரிங், பித்தளைத் துண்டு எதுவுமே வீண் கிடையாது. அப்படி ஒரு நாள், யாரோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வந்த பிஸ்கட் டப்பா ஒன்றில், பொத்தான்களுக்கும் சாவிகளுக்கும் நடுவே உள்ளங்கை அளவில் வளைந்த தகரம் ஒன்று கிடந்தது. மேலே சின்னக் குடை மாதிரி ஒரு குழிவு, கீழே வாயை மூடுகிற அளவுக்கு ஒரு பட்டை, நடுவில் நீளவாக்கில் ஒரு சன்னல். முழுக்கத் துரு. "பாய், இது என்ன?" என்று கேட்டேன். "டீ வடிகட்டியோட மூடியா இருக்கும் தம்பி, நாப்பது ரூவா குடுங்க" என்றார். எனக்குக் கை நடுங்கியது, ஏனென்றால் அது என்னவென்று எனக்குத் தெரியும். அது மூக்குக் குழல். ஐந்து வருடமாகப் பிளாஸ்டிக்கில் நாலைந்து வாங்கி ஊதிப் பழகியிருக்கிறேன், தகரத்தில் ஒன்றைக் கையில் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

தெரியாதவர்களுக்காக இது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கும் குழிவை மூக்குக்கு அடியில் வைத்து அழுத்த வேண்டும், கீழ்ப் பட்டை திறந்த வாயின்மேல் உட்கார வேண்டும். மூக்கால் மூச்சு விட்டால் காற்று ஒரு ஒடுக்கமான சந்து வழியாக இறங்கி, தட்டையான தாளைப் போல வெளியே வந்து, சன்னலின் கீழ் விளிம்பில் மோதும். மோதிய காற்று விளிம்புக்கு வெளியே கொஞ்சம், உள்ளே கொஞ்சம் என்று மாறி மாறித் துடிக்கும். அந்தத் துடிப்புக்கு இடம் கொடுப்பது வாய்க்குள் இருக்கும் காலி இடம். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஹூ என்று கேட்குமே, அதே கணக்கு. இங்கே பாட்டில் நம் வாய். நாக்கை முன்னே கொண்டுவந்து இடத்தைச் சுருக்கினால் ஸ்வரம் ஏறும், தாடையை இறக்கினால் இறங்கும். விரல் வைக்கத் துளை எதுவும் இல்லை. தகரத்தில் இருப்பது பாதிக் கருவிதான், மீதிப் பாதி ஊதுகிறவரின் முகத்தில் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை நான் புரிந்துகொள்ளவே மூன்று மாதம் ஆனது, அந்த மூன்று மாதத்தையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை துரு. தகரம் என்று நாம் சொல்வது இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசியது. பூச்சு முழுசாக இருக்கும் வரை இரும்புக்கு ஒன்றும் ஆகாது. ஒரு கீறல் விழுந்துவிட்டால், வெள்ளீயம் பக்கத்தில் இருப்பதாலேயே அந்த இடத்து இரும்பு வேகமாக அரிக்க ஆரம்பிக்கும். துத்தநாகம் பூசிய வாளி இப்படி இல்லை, அங்கே துத்தநாகம் தான் அழிந்து இரும்பைக் காப்பாற்றும். அதனால்தான் பழைய தகரப் பொம்மைகளில் துரு புள்ளிப் புள்ளியாகக் குழி பறித்திருக்கும். எமரித் தாள் போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வரும், ஆனால் மிச்சமிருக்கும் மெல்லிய பூச்சும் போய்விடும், தகட்டில் அழுத்திய எழுத்து ஏதாவது இருந்தால் அதுவும் போய்விடும். வீட்டில் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். புளி பித்தளைக்குச் சரி. இங்கே அது துருவைக் கரைத்துவிட்டுக் குழியை அம்மணமாக விட்டுவிடும், நம் ஊர்ப் பனியில் ஒரே ராத்திரியில் மறுபடியும் சிவந்துவிடும்.

அவசரத்தில் நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மூலையை மட்டும் பரிசோதனைக்காக வினிகரில் இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் துரு போயிருந்தது, அதோடு அந்த மூலையில் வெள்ளீயமும் சாம்பல் நிறமாக மங்கிப் போயிருந்தது. அந்த மூலை இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

அப்புறம்தான் துருவை எடுக்க வேண்டாம், மாற்றினால் போதும் என்ற முடிவுக்கு வந்தேன். துவர்ப்புள்ள எந்தச் சாறும் இரும்புத் துருவோடு சேர்ந்தால் கறுப்பாக மாறி அங்கேயே இறுகிவிடும். இரும்புக் கத்தியில் வாழைப்பூ நறுக்கினால் கத்தி கறுப்பதும் இதனால்தான். கையில் தேயிலை இருக்கும்போது வேறெங்கே போவது என்று முதலில் டீ டஸ்டைக் கெட்டியாகக் கொதிக்கவைத்துப் பூசினேன். பழுப்பாக ஒரு படலம் வந்ததே தவிர சரியாகப் பிடிக்கவில்லை. மலையெங்கும் சீகை மரம் (வாட்டில்) நிற்கிறது, அதன் பட்டையிலும் துவர்ப்பு உண்டு, தோல் பதனிட உதவுவது. அதையும் யோசித்தேன். கடைசியில் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கிவிட்டேன். பழைய காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்துத்தான் எழுதும் மை காய்ச்சினார்கள், அந்த மை காகிதத்தில் நூறு வருடம் நிற்கும் என்றால் தகரத்திலும் நிற்கட்டும்.

ஐம்பது கிராம் கடுக்காயைக் கொட்டை நீக்கி உடைத்து, அரை லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினேன். தகரத்தை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, உதிரும் துருவை மூங்கில் சீவலால் மட்டும் சுரண்டினேன். பிறகு சாறு ஆறியதும் பிரஷ்ஷால் ஒரு கை பூசி ஒரு நாள் விட்டேன். மூன்று கை பூசினேன். இரண்டாவது கையிலேயே சிவப்பு போய் நீலம் கலந்த கறுப்பு வந்துவிட்டது. மூன்றாவது நாள் விளக்கை ஒருக்களித்து வைத்துப் பார்த்தபோது, குழிவின் நெற்றியில் எழுத்துகள் தெரிந்தன. அரைகுறையாகத்தான், நடுவில் நாலைந்து எழுத்து. ஆனால் 'ஹ்யூமனடோன்' என்ற பெயரைத் தவிர வேறு எதுவும் அந்த இடைவெளிகளில் பொருந்தாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்தப் பெயரில்தான் தகர மூக்குக் குழல்கள் விற்றார்கள், பிறகு பிளாஸ்டிக் வந்து தகரத்தை ஒதுக்கிவிட்டது. அது எந்தக் கப்பலில் ஏறி எந்தத் துரையின் குழந்தைக்காகக் குன்னூர் மலை ஏறியதோ, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது வேலை பற்றவைப்பு. செய்தவர்கள் இரண்டு தகடுகளின் ஓரங்களை மடித்துக் கவ்வவைத்திருந்தார்கள், அது நல்ல வேலை. எப்போதோ ஒரு பக்கம் பிடி விட்டிருக்கிறது, யாரோ அதில் ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பழைய பற்றீயத்தில் காரீயம் கலந்திருக்கும், இதுவோ மூக்கிலும் வாயிலும் வைப்பது. பழைய தகரக் கருவி எது கிடைத்தாலும் இதைப் பார்க்காமல் வாயில் வைக்காதீர்கள், பெயின்ட் அடித்ததாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், பழைய பெயின்டிலும் காரீயம் உண்டு. சோல்டரிங் அயர்னை வைத்து இளக்கி, செம்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்தேன். சாதாரணப் பற்றீயம் 190 டிகிரிக்குள் இளகிவிடும், தகரத்தின் மேலிருக்கும் வெள்ளீயம் 232 டிகிரியில்தான் உருகும், ஆகவே சூட்டைக் கட்டுப்படுத்தினால் பூச்சுக்குச் சேதம் வராது. திரும்ப ஒட்டும்போதுதான் சிக்கல். காரீயம் இல்லாத பற்றீயம், வெள்ளீயமும் கொஞ்சம் செம்பும் கலந்தது, 227 டிகிரி கேட்கும். இடைவெளி ஐந்தே டிகிரி. அதனால் ஒட்டவே இல்லை. மடிப்பை மரக்கட்டையின்மேல் வைத்து, எலும்புக் கைப்பிடியால் அழுத்தி அழுத்திப் பழையபடி கவ்வவைத்தேன். முதலில் செய்தவர் செய்த மாதிரியே அது நின்றது.

மூன்றாவதுதான் உயிர்நாடி, காற்று இறங்கும் சந்து. தேயிலையை நசுக்கும் சி.டி.சி. ரோலருக்கு நடுவே ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள், விட்டுப் பார்த்துப் பழகிய கை என்பதால், இதற்கும் அதையே எடுத்தேன். நான் வைத்திருக்கும் பிளாஸ்டிக் குழலில் சந்து ஒரே சீராக 1 மில்லிமீட்டர். தகரத்தில் இடது ஓரம் 1.1, நடுவில் 0.4, வலது ஓரம் 0.9. நடுவில் ஒரு நெளிவு விழுந்திருந்தது, யாரோ பெட்டியில் கனமாக எதையோ அதன்மேல் வைத்திருக்க வேண்டும். இந்த நிலையில் ஊதினால் காற்று இரண்டாகப் பிரிந்து வரும், விளிம்பில் மோதாமல் சீறிக்கொண்டு போகும். அப்படியேதான் ஆனது, வெறும் உஸ்ஸ்.

நெளிவை உள்ளிருந்து நிமிர்த்த வேண்டும், ஆனால் உள்ளே போகிற கருவி 1 மில்லிக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் தகடுகளையே ஒன்றின்மேல் ஒன்றாகச் சொருகினேன். முதலில் 0.4, அதற்குமேல் 0.1, மறுநாள் இன்னொரு 0.1. அவசரப்பட்டால் தகடு கிழியும், நூறு வருட வயதுள்ள தகரம் வளையும் என்று நம்பி வேகமாக வளைக்கக் கூடாது. ஆறு நாளில் 0.95க்கு வந்து நின்றது. அதோடு விட்டுவிட்டேன். சன்னலின் கீழ் விளிம்பை ஊசி அரத்தால் தொடக்கூட இல்லை, துரு இல்லாமல் கூர்மையாகவே இருந்தது, அது அதிர்ஷ்டம்தான்.

கடைசியாக மெழுகு. கோத்தகிரியில் வாங்கிய தேன்மெழுகு, இங்கே காட்டுத் தேன் எடுக்கிறவர்களால் நல்ல மெழுகுக்குப் பஞ்சமில்லை. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். தகரத்தை ஹேர் டிரையரால் கை சுடும் அளவுக்குச் சூடாக்கி, மெழுகைத் தேய்த்து, பனியன் துணியால் துடைத்துவிட்டேன். சந்துக்குள் மெழுகு போகாமல் தபால் அட்டையைச் சொருகி வைத்தேன். மறந்துவிட்டால் அத்தனை நாள் வேலையும் அடைத்துக்கொள்ளும்.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசல் படியில் உட்கார்ந்து ஊதினேன். முதல் மூச்சில் வந்தது! கீச்சென்று இல்லை, ஆந்தை கூப்பிடுகிற மாதிரி மெத்தென்ற ஓசை. ஏழெட்டு நொடி ஊதியிருப்பேன், நின்றுபோனது. மறுபடியும் ஊதினேன், சொரசொரவென்று சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. ஏதோ விட்டுப்போயிற்று என்று கழற்றிப் பார்த்தேன், சந்துக்குள் பனித்துளி மாதிரி தண்ணீர். மூக்கிலிருந்து வரும் மூச்சு சூடும் ஈரமுமாக வருகிறது, வெளியே பத்து டிகிரியில் இருக்கும் தகரத்தில் பட்டதும் தண்ணீராகிவிடுகிறது, கண்ணாடியில் ஊதினால் மங்குவதைப் போல. 0.95 மில்லி சந்தில் ஒரு துளி நின்றால் போதும், காற்றுத்தாள் கிழிந்துவிடும். பிளாஸ்டிக் குழலில் இவ்வளவு தொல்லை இல்லை, பிளாஸ்டிக் மூச்சின் சூட்டைச் சீக்கிரம் உறிஞ்சிவிடாது. இப்போது ஊதுவதற்கு முன் பத்து நிமிடம் சட்டைக்குள் அக்குளில் வைத்துக்கொள்கிறேன். மலையில் இருப்பவர்கள் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஊதி முடித்ததும் கழுவி, ஹேர் டிரையரால் நன்றாக உலர்த்தித்தான் டப்பாவில் போட வேண்டும், இல்லாவிட்டால் கடுக்காய் போட்டதெல்லாம் வீண்.

அடுத்து அளவு எடுக்கும் ஆசை வந்தது. சன்னல் 15 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் அகலம். வாயின் கொள்ளளவை எப்படி அளப்பது? கீழ் ஸ்வரம் ஊதும் நிலையில் தாடையை வைத்து, வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, மருந்து ஊற்றும் அளவுக் கோப்பையில் உமிழ்ந்தேன். பத்துத் தடவை செய்ததில் சராசரி 60 மில்லி. காலி பாட்டிலின் ஓசையைக் கணக்கிட ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் பெயரில் ஒரு சூத்திரம் உண்டு, அதில் போட்டால் சுமார் 630 ஹெர்ட்ஸ் வருகிறது. ஃபோனில் டியூனர் 610 காட்டியது. கன்னம் மெத்தென்று இருப்பதையும் உதடு சரியாக மூடாததையும் வைத்துப் பார்த்தால் இது நல்ல பொருத்தம். அந்தச் சூத்திரத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஓசையின் அதிர்வெண் கொள்ளளவின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகப் போகிறது. அப்படியென்றால் ஒரு ஸ்தாயி மேலே போக வாய் பாதியாகச் சுருங்கினால் போதாது, நாலில் ஒன்றாக வேண்டும். 60 மில்லி 15 ஆக வேண்டும். மேல் ஸட்ஜத்துக்கு நாக்கு ஏன் அவ்வளவு முன்னே தள்ள வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. புல்லாங்குழலில் பலமாக ஊதினால் ஒரு ஸ்தாயி தாவிவிடலாம், இதில் அந்த வழி கிடையாது. பாட்டிலுக்கு அடுத்த ஸ்வரம் என்று ஒன்று பக்கத்தில் இல்லை, பலமாக ஊதினால் சத்தம்தான் கூடும், ஸ்வரம் கொஞ்சம் விலகும், அவ்வளவே.

ஆனால் அது ஒரு வரம். நாக்கு எங்கேயும் நிற்கலாம், துளையோ வீணையின் மெட்டோ தடுப்பதில்லை, அதனால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போவது இந்தக் கருவிக்குக் கூடப் பிறந்தது. நம் கமகத்துக்கு இதைவிடத் தோதான காற்றுக் கருவி ஒன்றை நான் கண்டதில்லை. ஒரே ஸ்வரத்தில் ஆடாமல் நிற்பதுதான் கஷ்டம். தினமும் காலையில் சரளி வரிசையை ஒரே காலத்தில், ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு முழு மூச்சு என்று ஊதிப் பழகுகிறேன். மாயாமாளவகௌளையில் ரிஷபம் இன்னும் வழுக்குகிறது.

இன்னொரு விஷயம், முகம். எனக்குச் சரியாக ஊதும் தகரம் என் மகளுக்குச் சுத்தமாக ஊதவில்லை. அவளுக்கு மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே தூரம் குறைவு, பட்டை கீழே இறங்கி மோவாயில் இடித்தது, மேலே காற்று ஒழுகியது. குழிவின் ஓரத்தில் மெழுகை உருட்டி ஒரு வரம்பு கட்டிக் கொடுத்ததும் அவளுக்கும் ஊதியது, என்னைவிடச் சுத்தமாக. அதனால் பழைய மூக்குக் குழல் ஒன்று கிடைத்து ஊதவில்லை என்றால் உடனே தகட்டை வளைக்காதீர்கள். அது வேறு யாருடைய முகத்துக்கோ சரியாகவே இருந்திருக்கும். முதலில் மெழுகு வைத்துப் பாருங்கள், பிறகு வேண்டுமானால் அரம்.

இந்தத் தகரம் மூக்குக் குழலின் உலகத்தில் நேற்றுப் பிறந்த பிள்ளை. மூங்கிலில் செய்து ஒரு நாசியால் ஊதும் குழல் பசிபிக் தீவுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நெடுங்காலமாக இருக்கிறது. 1769இல் கேப்டன் குக்கின் கப்பல் தாஹிட்டியில் நின்றபோது, கூட வந்தவர்கள் அங்கே ஒரு நாசியைக் கட்டைவிரலால் அடைத்து மறு நாசியால் ஊதும் இரண்டு துளைக் குழலைப் பார்த்து எழுதி வைத்தார்கள். டோங்காவில் அரச குடும்பத்தை அதிகாலையில் மெதுவாக எழுப்புவதற்கு இதை ஊதுவது வழக்கமாக இருந்தது, 1953இல் எலிசபெத் ராணி அங்கே போனபோதும் அப்படித்தான் எழுப்பினார்கள். தைவானின் பைவான் மக்கள் இரட்டைக் குழல் வைத்திருக்கிறார்கள், ஒன்றில் துளையே கிடையாது, அது ஒரே ஸ்வரத்தில் ஒத்துப் பிடிக்கும், மற்றதில் பாட்டு. நம் மகுடியின் இரண்டு குழல்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஹவாயில் இதன் பெயர் ஓஹே ஹானோ இஹு. ஓஹே என்றால் மூங்கில், ஹானோ என்றால் மூச்சு, இஹு என்றால் மூக்கு. தமிழில் சொல்லிப் பாருங்கள்: மூங்கில், மூச்சு, மூக்கு. மூன்றுமே மூ. எனக்கு இது போதும், இந்தக் கருவிக்குத் தமிழில் ஓர் இடம் முன்பே தயாராக இருந்த மாதிரி.

தகரத்தை நான் படியில் உட்கார்ந்து ஊதுவதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். "சாமி, நீ மூக்குலதானே ஊதற? எங்க ஊட்டுக்காரரும் ஊதுவாரு" என்றார். நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, போய் ஒரு பழைய சேலைத் துண்டில் சுற்றியதைக் கொண்டுவந்து கொடுத்தார். மூங்கில் குழல், ஒரு முழம் இருக்கும், ஒரு பக்கம் கணு அப்படியே மூடியிருக்கிறது, மேலே சுட்டு வரைந்த கோடுகள், முக்கோணங்கள். அவர் கணவர் மலேயாவில் கேமரன் ஹைலண்ட்ஸ் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, 1970 வாக்கில் திரும்பியவர். அந்த மலையில் செமாய் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள், அவர்களும் பக்கத்து மலைகளின் தெமியார் மக்களும் மூக்கால் ஊதும் குழலை பென்சோல் என்பார்கள். தோட்டத்துக்குக் கறிகாய் விற்க வரும் செமாய் நண்பர் ஒருவர் கொடுத்தாராம். தேயிலை மலையிலிருந்து தேயிலை மலைக்கு வந்த குழல்.

நிலைமை மோசம். நீளவாக்கில் ஒரு வெடிப்பு, கணுவிலிருந்து பாதி வரை. மூக்கு வைக்கும் துளையைச் சுற்றிப் பழுப்பாக மாவு மாதிரி ஒட்டியிருந்தது, எனக்கு வயிற்றைக் கலக்கியது, மூங்கில் பூச்சி அரித்தால் இப்படித்தான் மாவு கொட்டும். பூச்சி மருந்து அடிக்கக் கூடாது, மூக்கில் வைக்கும் பொருள். தெரிந்த ஐஸ்கிரீம் கடையின் டீப் ஃப்ரீசரில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தேன். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது, உள்ளே இருப்பது அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு முழு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த மூங்கிலில் ஈரம் படிந்து வெடிப்பு விரியும். அதற்குப் பிறகு துளை ஓரத்தைப் பஞ்சால் துடைக்க ஆரம்பித்தேன், பாதி துடைத்ததும் பாட்டியிடம் காட்டிவிட்டு மீதியைச் செய்யலாம் என்று நிறுத்தினேன்.

வெடிப்புக்குப் பலரும் சூப்பர் க்ளூ சொல்வார்கள். என் சொந்தக் குழலென்றால் போட்டிருப்பேன். இது திரும்பக் கழற்ற முடிகிற மாதிரி இருக்க வேண்டும் என்று தோன்றியது, நாளைக்கு என்னைவிடத் தெரிந்தவர் ஒருவர் இதைத் தொடலாம். தேன்மெழுகு மூன்று பங்கு, கருங்குங்கிலியம் ஒரு பங்கு, மெதுவாக உருக்கிக் கலந்து, இளஞ்சூட்டில் வெடிப்புக்குள் இழுக்கவிட்டு, மேலே பருத்தி நூலை நாலு இடத்தில் சுற்றிக் கட்டினேன். குங்கிலியம் சேர்த்தால் மெழுகு கெட்டியாகும், வெயிலில் ஒழுகாது. சூடு காட்டினால் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

மூலத்தை அதிகம் ஊதக் கூடாது என்பதால் ஒரு பிரதியும் செய்தேன். காட்டில் மூங்கில் வெட்டக் கூடாது, மேட்டுப்பாளையத்தில் கூடை முடைகிறவரிடம் மெல்லிய மூங்கிலாகப் பொறுக்கி வாங்கினேன். நீளம் 40 சென்டிமீட்டர், உள்விட்டம் 16 மில்லிமீட்டர், துளைகளைக் கம்பி காய்ச்சிச் சுட்டேன். மூக்குத் துளை கணுவுக்கு 15 மில்லிமீட்டர் தள்ளி, 6 மில்லி அகலம். மூக்கிலிருந்து காற்று கீழ்நோக்கி வருவதால் துளையின் எதிர் ஓரத்தைச் சாய்வாகச் சீவ வேண்டியிருந்தது, அதைக் கண்டுபிடிக்க மூன்று மூங்கில் போனது. நாலாவது மூங்கில் எல்லாத் துளையும் மூடினால் சுமார் 385 ஹெர்ட்ஸ், காலைக் குளிரில் இன்னும் கொஞ்சம் இறக்கம். தகரத்தைக் குளிர் இப்படி இறக்காது, அதன் ஓசை பிறப்பது வாய்க்குள், அங்கே எப்போதும் ஒரே சூடு.

மூங்கிலில் ஒரு நாசிதான் வேலை, அதனால் எந்த நாசி என்பது பெரிய விஷயமாகிவிட்டது. காலையில் இடது பக்கம் நன்றாக ஊதும், மத்தியானம் அதே பக்கம் அடைத்த மாதிரி இருக்கும். இதைச் சரம் பார்க்கிறவர்கள், அதாவது மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்று கவனிக்கிறவர்கள், இடது இடகலை, வலது பிங்கலை என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். 1895இல் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவரும் இரண்டு நாசிகளும் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறி மாறித் திறப்பதை எழுதினார். நான் இப்போது குழலை எடுப்பதற்கு முன் சரம் பார்த்துவிட்டுத்தான் எந்தக் கையில் பிடிப்பது என்று முடிவு செய்கிறேன்.

நீலகிரிப் பழங்குடியான கோத்தர் நண்பர் ஒருவர் கொள் வாசிக்கிறவர், கோத்தர் திருவிழாக்களில் முரசோடு சேர்ந்து ஒலிக்கும் குழல் அது. அவரிடம் இரண்டையும் காட்டினேன். கொள் வாசிப்பில் ஓசை அறுபடக் கூடாது, கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துத் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சு இழுப்பார்கள். "எங்களுக்கு மூக்கு உள்ளே இழுக்க, வாய் வெளியே தள்ள. இது அப்படியே தலைகீழ் அண்ணா" என்றார். அரை மணி நேரம் முயன்றும் முதலில் வரவில்லை, அவருடைய கன்னம் தானாக உப்பியது, உப்பிய கன்னத்தில் வாயின் இடம் பெருகி ஸ்வரம் கீழே போய்க்கொண்டே இருந்தது. கன்னத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதியதும் வந்தது. எனக்கு ஒரு மாதம் எடுத்த வழுக்கலை அவர் அன்று சாயங்காலமே வாசித்தார்.

மூங்கிலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பாட்டியிடம் மாவைக் காட்டி, "பூச்சி அரிச்ச மாதிரி இருந்துச்சு பாட்டி, பாதி துடைச்சிருக்கேன், மீதியையும் துடைச்சுத் தரவா?" என்று கேட்டேன். பாட்டி துளையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "பூச்சி இல்ல சாமி, இது அவரு மூக்குப்பொடி" என்றார்.

மீதியை நான் தொடவில்லை. துடைத்த பஞ்சு என் மேஜையிலேயே இருந்தது, அதை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, குழலோடு சேர்த்துச் சேலைத் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.